டேப் எங்கே கிடந்தது?

வாத்தியம் வாசிக்கிறவர்களே நிறைய வந்திருக்கிறீர்கள், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். ஜாஸ் பற்றி எழுதுகிறவனுக்கு வரும் மெயிலில் முக்கால்வாசி ஒரே மெயில்தான். "எங்கள் புதிய ஆல்பம் வருகிறது. எட்டு உருப்படிகள். மரபும் புதுமையும் கைகோக்கின்றன." ரொம்ப சந்தோஷம். இதில் நான் எதை எழுத?

2018இல் அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் அதுவரை வெளிவராத பதிவு ஒன்று வந்தது. அவர் பேருக்கே எல்லோரும் எழுதியிருப்பார்கள். நமக்கு அந்தப் பேர் கிடையாது. ஆனால் அதற்குள் இருந்த சரக்கைப் பாருங்கள். 1963 மார்ச் 6, நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. பகலில் பதிவு, ராத்திரி நியூயார்க்கில் பேர்ட்லேண்ட் கிளப்பில் கச்சேரி. மறுநாள் அதே ஸ்டூடியோவில் பாடகர் ஜானி ஹார்ட்மனோடு இன்னொரு பதிவு. மறுநாள் பதிவை உலகமே கேட்டது. முதல் நாள் பதிவின் மாஸ்டர் டேப், அதாவது மூல நாடா, காணாமலே போனது. கோல்ட்ரேன் வீட்டுக்கு எடுத்துப்போன பிரதி, அவருடைய முதல் மனைவி நைமாவின் குடும்பத்தில் இருந்திருக்கிறது. 55 வருஷம்! பெரிய பிரமிடுக்குள் புதிதாக ஓர் அறை கிடைத்த மாதிரி என்றார் இன்னொரு சாக்ஸஃபோன் கலைஞர் சானி ராலின்ஸ். தலைப்பையே எழுதிக் கொடுத்துவிட்டார் மனுஷர்.

இன்னொன்று. கர்நாடக இசையை சாக்ஸஃபோனில் வாசித்த கத்ரி கோபால்நாத்தும் அமெரிக்காவின் ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் 2008இல் சேர்ந்து ஆல்பம் போட்டார்கள். 'ஃப்யூஷன்' என்று எழுதி அனுப்பினால் எனக்குக் கொட்டாவிதான் வரும். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்டு மயங்கிய நாகஸ்வரக்காரர் மகன், கமகம் பேசுவதற்காகக் கருவியின் கீகளையே மாற்றியவர் கோபால்நாத். அவர் ரெக்கார்டை அண்ணன் விளையாட்டாக வாங்கித் தர, கேட்டு அசந்துபோன அமெரிக்க மாணவர். இருவர் கையிலும் அதே ஆல்டோ சாக்ஸஃபோன். இப்படி எழுதுங்கள், நிமிர்ந்து உட்காருவேன்.

மற்றதெல்லாம் சில்லறை. பாட்டுக்கு லிங்க் போதும், கனமான ஃபைல் வேண்டாம். மாத இதழென்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள். கச்சேரிக்கு முந்தின நாள் அனுப்பிவிட்டுக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு டிரம்மர் எனக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தார். படித்த கல்லூரி, வாங்கிய பரிசு, எல்லாம். கடைசியில் ஒரு பின்குறிப்பு: 'கீழ்வீட்டில் கைக்குழந்தை. ஆறு மாதம் தலையணையில்தான் சாதகம் செய்தேன். ஆல்பம் முழுக்கக் குச்சியைத் தொடாமல், சத்தம் குறைவான டிரம் பிரஷ்ஷிலேயே வாசித்தது அதனால்தான்.' அன்று சாயங்காலமே போன் போட்டேன். அவர் கல்லூரியிலிருந்து ஆரம்பித்தார். "அது கிடக்கட்டும் தம்பி, அந்தத் தலையணை இன்னும் இருக்கிறதா?" என்றேன்.