மில்லில் அரைத்த ‘நைஸ்’

(மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு ஞாயிறு காலை, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம், இடம் இருக்கிறது. முன்வரிசை என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு பயம்.

நேற்று மாலை லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலா மில் வாசலில் நின்றிருந்தேன். வீட்டில் மல்லித்தூள் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா பையை நீட்டி, “அண்ணே, நைசா அரைச்சுக் கொடுங்க. போன தடவை நறநறன்னு இருந்துச்சு” என்றார். மில்காரர் அரைத்தார், ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார், தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் இயந்திரத்தில் கொட்டினார். அதுதான் நைஸ். விரல் சொல்ல வேண்டும், வாய் சொன்னால் போதாது.

முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்தவன் நான். அந்த அம்மா சொன்ன நைஸ், நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்த நைஸ் இல்லை. தூளுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபைன்’ என்பார்கள். அப்படியானால் அந்த அம்மா தப்பாகச் சொல்கிறாரா? அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் இந்தச் சொல்லின் பூர்வீகம். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘நெ’ என்றால் ‘இல்லை’, ‘ஸ்கீரெ’ என்றால் ‘அறிதல்’. அந்த ‘ஸ்கீரெ’யிலிருந்துதான் சயன்ஸும் வந்தது. ஆக சயன்ஸும் நைஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்; ஒன்று படித்தது, மற்றது படிக்காதது. பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இது ஆங்கிலத்துக்குள் வந்தபோது ஒருவரை ‘நைஸ்’ என்றால் மடையன் என்று அர்த்தம். அப்புறம் கூச்சப்படுகிறவன், எதிலும் குறை பார்க்கிறவன் என்றெல்லாம் அலைந்தது. குறை பார்க்கிறவன் நுணுக்கமாகத்தானே பார்ப்பான்? அதனால் ‘நுட்பமான’ என்ற பொருளும் சேர்ந்தது. ‘இனிமையான’ என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டதுதான். பழைய நுட்பம் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. வழக்கறிஞர் ஒருவர் ‘எ நைஸ் பாயிண்ட் ஆஃப் லா’ என்றால், சட்டம் இனிக்கிறது என்று சொல்லவில்லை. மயிரிழையில் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் என்கிறார்.

பொருள் இப்படிப் புரண்டு படுப்பது தமிழுக்குப் புதிதில்லை. நாற்றத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எல்லா மேடையிலும் முகர்ந்தாயிற்று. வெகுளியைப் பாருங்கள். வள்ளுவருக்கு வெகுளி என்றால் கோபம். வெகுளாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். இன்றைக்கு ‘அவன் ஒரு வெகுளி’ என்றால் கோபமே வராதவன், சூதுவாது தெரியாதவன். கிட்டத்தட்ட அந்த லத்தீன் நெஸ்கியுஸ்.

சரி, நம் நைசுக்கு வருவோம். நைசாக அரைக்கிறோம். நைஸ் தோசை கேட்கிறோம். கூட்டத்திலிருந்து நைசாக நழுவுகிறோம் (கடைசி வரிசைக்காரர்களைச் சொல்லவில்லை). நைசாகப் பேசிக் காரியம் சாதிக்கிறோம். வழுவழுப்பு, மென்மை, சத்தமில்லாமை, அதிலிருந்து தந்திரம். ஒரு தூள், குணமாகவும் மாறிவிட்டது. ஆங்கிலம் ஏறக்குறைய மறந்துவிட்ட நுணுக்கம் நம் மில்லில் பத்திரமாக இருக்கிறது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

மலாய்க்காரர்களின் ‘ஹாலுஸ்’ நினைவுக்கு வருகிறதா? மாவும் ஹாலுஸ், நாசூக்கான பேச்சும் ஹாலுஸ். கண்ணுக்குத் தெரியாமல் உலவுகிறவர்கள் ‘ஓராங் ஹாலுஸ்’. அரைத்து அரைத்து ஒரேயடியாக மறைந்தே போனவர்கள்!

தமிழில் இதற்குச் சரியான ஜோடி ‘நயம்’. நயமாகப் பேசினார் என்றால் பாராட்டு. அதே நயத்தின் பின்னால் வஞ்சகத்தைச் சேர்த்தால் நயவஞ்சகம். நயத்தல் என்றால் விரும்புதல். நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும், கொடுப்பவர் பழகியவர் என்பதற்காகக் குடித்துவிட்டு அமைதியாக இருப்பவரைத்தான் ‘நயத்தக்க நாகரிகம்’ வேண்டுபவர் என்கிறது குறள். நைஸ் மனிதருக்கு இதைவிடப் பயங்கரமான இலக்கணம் நான் எங்கும் பார்க்கவில்லை.

இன்னொரு வேலையும் நைஸுக்கு உண்டு. ‘நைஸ் அண்ட் ஹாட்’ என்றால் நல்ல சூடு. இங்கே ‘நல்ல’ என்பது அளவு, குணம் இல்லை. நல்ல வெயில், நல்ல அடி என்கிறோமே, அடி வாங்கியவனைக் கேளுங்கள் அதில் என்ன நன்மை என்று. யாராவது காரியத்தைக் கெடுத்தால் ஆங்கிலத்தில் ‘நைஸ் ஒன்’ என்பார்கள், நாம் ‘நல்ல ஆளுய்யா நீ’ என்போம். முகத்தைப் பார்த்தால்தான் திட்டா பாராட்டா என்று தெரியும்.

பிள்ளைகளுக்கு ஒரு கதை. ஒரு மாணவன் கட்டுரை எழுதினான். அப்பாவோடு நாசி கண்டார், அதாவது பலவகைக் குழம்பு ஊற்றிய சோறு, சாப்பிடப் போனது. கடை நைஸ், சோறு நைஸ், கடைக்காரர் நைஸ், அப்பா ரொம்ப நைஸ். எண்ணினேன், பதினொன்று. எல்லாவற்றையும் அடித்து, “அகராதியில் வேறு சொல் பார்த்து எழுது” என்று ஓரத்தில் குறித்தேன். தப்பு என்னுடையதுதான். மறுநாள் வந்தது: கோழிக்கறி ‘போலைட்’டாக இருந்தது. அதாவது, மரியாதையாக நடந்துகொண்டது. கடைக்காரர் ‘டெலிஷியஸ்’. அவன் அகராதியை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறான். அங்கே எல்லாச் சொல்லும் ஒரே வரிசையில் நின்றன. கறிக்குப் பக்கத்தில் எது நிற்கும், ஆளுக்குப் பக்கத்தில் எது நிற்கும் என்று அந்த வரிசை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். “நைஸை விடு. கறி என்ன செய்தது?” யோசித்தான். “காரம் சார். அப்பாவுக்கு மூக்கு ஒழுகிச்சு. ஆனாலும் குவா பஞ்சிர்னு, குழம்பு வெள்ளமா வேணும்னு கேட்டு மறுபடி ஊத்தச் சொன்னாங்க.” “கடைக்காரர்?” “காசு பத்தலை சார். நாளைக்குக் கொடுன்னு அனுப்பிட்டார்.”

“இதை அப்படியே எழுது” என்றேன். ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம், இலக்கணப் பிழை மூன்று. நைஸ் ஒன்றுகூட இல்லை. திருத்திக் கொடுத்துவிட்டு, எந்தக் கடை என்று விசாரித்து அன்று மதியமே போனேன்.

மூக்கு ஒழுகத்தான் செய்தது.