வீட்டுச் சாவியைக் கொடுத்த பேராசிரியர்

வணக்கம். தாராவியில் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால், உலகப் புகழ்பெற்ற ஒரு மருத்துவப் பேராசிரியர், தம் வீட்டு வாசற்கதவின் சாவியை இளம் மருத்துவர்களிடம் கொடுத்து வைத்திருந்தார் என்றால் நம்புவீர்களா? எங்கள் கல்லூரியில் அலமாரிச் சாவிக்கே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது!

அவர் பெயர் வில்லியம் ஆஸ்லர். 1849இல் கனடாவில் பிறந்து, மாண்ட்ரியல், பிலடெல்பியா வழியாக 1889இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தார். வரலாறு இவ்வளவு போதும்.

அன்றைய அமெரிக்காவில், ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்காமல், வகுப்பில் உட்கார்ந்து கேட்டே மருத்துவப் பட்டம் வாங்கிவிட முடிந்தது. பிரிட்டனில் ஏற்கெனவே இருந்த வழக்கத்தைத் தழுவி, மாணவர்களை வார்டுக்கே அழைத்துச் சென்று, ஆளுக்குச் சில நோயாளிகளை ஒப்படைத்துக் கற்பித்தவர் ஆஸ்லர். சென்ற ஆண்டு இதே மும்பையில் என் அம்மா மருத்துவமனையில் படுத்திருந்தபோது, கட்டிலைச் சுற்றி எட்டு மாணவர்கள் நின்றார்கள். அவர்களில் ஒரு பெண், ஸ்டெதஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகே அம்மாவின் முதுகில் வைத்தாள். எந்தப் பாடநூலும் அதைச் சொல்லித் தந்திருக்காது என்பது என் கணிப்பு.

சாவிக்கு வருவோம். மேற்கு பிராங்க்ளின் தெருவில் 1ஆம் எண் ஆஸ்லரின் வீடு. 3ஆம் எண்ணில் இளம் மருத்துவர்கள் சிலர் குடியிருந்தார்கள். அவர்கள் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, அவருடைய நூலகத்தில் படிக்கலாம். 'சாவிக்காரர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடியான ஹார்வி குஷிங் அவர்களில் ஒருவர். ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1926இல் புலிட்சர் பரிசு பெற்றவரும் அவரே. உங்களுக்கும் அப்படிச் சாவி தந்த ஆசிரியர் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். லைக் பொத்தான் எங்கும் ஓடிவிடாது.

1905இல் ஆஸ்லர் ஆக்ஸ்போர்டுக்குப் போனார். 1917 ஆகஸ்டில், பெல்ஜியப் போர்முனையில் அவருடைய ஒரே மகன் ரெவியர் குண்டடிபட்டு விழுந்தபோது, அமெரிக்கப் படை மருத்துவராக அங்கிருந்த குஷிங், செய்தி கேட்டதும் இரவோடு இரவாக விரைந்தார். அறுவை சிகிச்சை பலிக்கவில்லை. இருபத்தொரு வயது ரெவியர் இறந்தபோது குஷிங் அருகில் இருந்தார்; பிராங்க்ளின் தெருவில், அவர் சாவி போட்டு நுழைந்த வீட்டில் தத்தித் தத்தி நடந்த குழந்தை அவன்.