திருடனைப் பிடிக்காத போலீசுக்கு ஊர் ஏன் படியளக்க வேண்டும்?

நடுவர் அவர்களே, வணக்கம். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஊருக்குள் தண்டனையாக இறக்கிய கூடுதல் போலீசின், அதாவது தண்டப் போலீசின், செலவு யார் பொறுப்பு, ஊராரா அரசாங்கமா என்பதுதான் வழக்கு. அரசாங்கம்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி நண்பர், "குற்றவாளிக்குச் சோறு போட்டு ஒளித்து வைத்தது ஊர், அப்புறம் காவல் செலவை ஊர் கொடுப்பதுதானே நியாயம்" என்றார், கைதட்டலும் வாங்கினார். சரி, அந்த நியாயத்தையே எடுத்துக்கொண்டு அன்று பம்பாய் மாகாணத்தில் இருந்த குஜராத்தின் போர்சத் தாலுகாவுக்குப் போவோம்.

வருடம் 1923. பாபர் தேவா என்ற கொள்ளைக்காரனைப் பிடிக்க முடியாத பம்பாய் அரசாங்கம், கூடுதல் போலீசை இறக்கிவிட்டு, செலவு ஏறத்தாழ 2,40,000 ரூபாயையும் ஜனங்கள் தலையில் கட்டியது. வயது வந்த ஆண், பெண் ஒவ்வொருவருக்கும் 2 ரூபாய் 7 அணா; ரூபாய்க்கு 16 அணா. அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் அந்த வீட்டுக்கு 9 ரூபாய் 12 அணா. கொள்ளையனிடம் நகையைப் பறிகொடுத்த வீட்டுக்கும் இதே கணக்குதான், கட்டாவிட்டால் எருமையும் பாத்திரமும் ஜப்தி. ஒளித்து வைத்தது ஊர் என்கிறீர்களே ஐயா, வல்லபாய் பட்டேல் விசாரித்தபோது வெளியே வந்தது வேறு கதை: பாபர் தேவாவைப் பிடித்துத் தருவதாகச் சொன்ன இன்னொரு கொள்ளைக்காரனுக்குப் போலீசே துப்பாக்கி கொடுத்திருந்தது, அவன் அதை வைத்துக்கொண்டு தன் பங்குக்குக் கொள்ளையடித்தான். இந்தக் கூட்டுக்கும் சேர்த்துத்தான் ஜனங்கள் தண்டம் அழ வேண்டுமாம். அவர்கள் கட்டவில்லை. ஜப்திக்காரர்கள் பகலில்தான் வருவார்கள் என்பதால் பகலெல்லாம் வீட்டைப் பூட்டினார்கள், கொடுக்கல் வாங்கலை இரவில் வைத்துக்கொண்டார்கள்.

சட்டம் இருந்ததே என்பார் நண்பர். இருந்தது. 1861 போலீஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பம்பாய் மாகாணத்துக்கு அதே குணத்தோடு தனிச் சட்டம். ஊர் கெட்டுக் கிடக்கிறது என்று அரசாங்கம் அறிவிக்கும், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மாஜிஸ்திரேட் பிரிப்பார், போலீசும் அவருக்குக் கீழேதான். வழக்குத் தொடுத்தவரே தீர்ப்பும் எழுதி ஃபீசும் வசூலித்துக்கொள்ளும் ஏற்பாடு இது, நடுவர் அவர்கள் இந்த யோசனையைத் தயவுசெய்து கேட்டுவிட வேண்டாம்.

திருநெல்வேலியில் ஊரே கொளுத்தியதே என்றார். 1908 மார்ச் 13, வ.உ.சி. கைதானதற்கு மறுநாள், முனிசிபல் ஆபீஸ் எரிந்தது உண்மைதான். அன்று சுடப்பட்டு 4 பேர் செத்ததையும் நண்பர் சொல்லியிருக்கலாம். கலகம் செய்ததாகப் பிடித்தவர்கள்மேல் தனித்தனியே வழக்குப் போட்டு ஜெயிலுக்கு அனுப்பியாயிற்று. அப்படியிருக்க, நெல்லையிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீசை உட்காரவைத்து, கல்லே எடுக்காத வியாபாரியிடமும் ஏன் வசூல்?

கஜானா பணமும் ஜனங்கள் பணம்தானே என்று ஒரு கேள்வி வரும். வாஸ்தவம். ஆனால் கஜானாவிலிருந்து எடுத்தால், இத்தனை போலீஸ் எதற்கு, வந்து என்ன கிழித்தார்கள் என்று மேலே ஒருவர் கேட்பார். ஊரிடம் வசூலித்தால் அந்தக் கேள்வியே இல்லை, எத்தனை பேரை வேண்டுமானாலும் இறக்கலாம், எத்தனை மாதம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். அதனால்தான் கூப்பிட்டவன் கொடுக்கட்டும் என்கிறேன்.

போர்சத்தில் கடைசியில் நடந்ததும் அதுதான். பம்பாய்க்குப் புதிதாக வந்த கவர்னர் லெஸ்லி வில்சன், தன் உள்துறை உறுப்பினரை நேரில் அனுப்பி விசாரித்துவிட்டு, 1924 ஜனவரியில் வரியை வாபஸ் வாங்கினார். வெள்ளைக்கார கவர்னரே கைவிட்ட வழக்கைத்தான் எதிரணி நண்பர் இன்று மறுபடி தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் நடுவர் அவர்களே.