பத்து மணிக்கு முடியுமா பாரதக் கூத்து?

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்னாலேயே பேசிவிட்டுப் போன பேராசிரியர் அவர்களே, வேறு நிகழ்ச்சி இருந்தும் இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, சால்வைக்குப் பதில் புத்தகம் கொடுத்த விழாக் குழுவினரே, பந்தல் போட்டவர்களே, ஒலி ஒளி அமைத்த தம்பிகளே, கடைசி வரிசையில் நிற்கிற தாய்மார்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். முன்பு ஓர் ஊரில் நாட்டாண்மைக்காரரை விட்டுவிட்டேன். பந்தியில் என் இலைக்கு மட்டும் சாம்பார் வரவில்லை.

மனித சமுதாயத்தில் கலையின் இடம் ஏன் சுருங்குகிறது என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, கலை சடங்கைவிட்டு விலகியது. இரண்டு, கைபேசி. மூன்று, அரசின் கடமை.

எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், அதாவது பாரதக் கதையைத் திருவிழாவாக நடத்தினால், பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாடிய வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்லுவார். இரவில் அதே கதை கூத்தாக இறங்கும். அர்ச்சுனன் வேடக்காரர் தபசு மரம் என்கிற உயரமான கம்பத்தில் ஏறி எறிகிற எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளையில்லாத பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். துரியோதனன் சாகிற படுகளத்தன்று அவனை மண்ணால் ஆள்போலப் பெரிதாகப் படுக்கவைத்து உருவம் செய்வார்கள். 'கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்' என்பது அந்த ராத்திரிகளைக் கண்டவன் சொன்ன பழமொழி. கூத்தாடிக்கு எப்போது விடியும், கூலிக்காரனுக்கு எப்போது பொழுது சாயும் என்ற கவலை. எல்லா மேடையிலும் இதையே சொல்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

சின்ன வயதில் நான் பார்த்த ஒரு துகில் உரிதல் கூத்து. களரி என்கிற ஆடுகளம் கட்டி, முகவீணை ஊதி, துச்சாதனன் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போதே நடுநிசி தாண்டியாகிவிட்டது. கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த புஜக்கட்டை, கிரீடம், முகமெல்லாம் சிவப்பு. அவன் பாஞ்சாலியின் கூந்தலில் கைவைத்ததும் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் ஆயா எழுந்தது. கையில் விளக்குமாறு. அதை எங்கிருந்து கொண்டுவந்தது, வீட்டிலிருந்து புறப்படும்போதே எடுத்துவந்ததா என்று இன்றுவரை எங்கள் ஊரில் விவகாரம் தீரவில்லை. நேரே களத்துக்குள் புகுந்து, "பாவி, உன் வீட்டில் பொம்பளைங்க இல்லையாடா?" என்று ஓங்கிவிட்டது. துச்சாதனன் ஓடுகிறான்! நூறு பேரில் ஒருவன், அஸ்தினாபுரத்து இளவரசன், மிருதங்கக்காரர் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறான். மிருதங்கக்காரரோ வாசிப்பதை நிறுத்தவில்லை, ஓட்டத்துக்கேற்ப வேகம்தான் கூட்டினார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குறுக்கே விழுந்து கும்பிட்டான்: "ஆயா, கொஞ்சம் பொறு! இவன் கணக்கைப் பீமன் தீர்க்கணும். நீயே இன்னிக்குத் தீர்த்துட்டா, வாங்கின முன்பணத்தை ஊருக்கு யாரு திருப்பித் தர்றது?" ஊரே சிரித்தது. ஆயா சிரிக்கவில்லை. "அப்ப பீமனைச் சீக்கிரம் வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தது. காலையில் அரிதாரம் கலைத்து வேட்டி கட்டி நின்ற அதே துச்சாதனனுக்குச் சொம்பு நிறையக் கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்து கொடுத்ததும் அந்த ஆயாதான்.

கைபேசியைப் பற்றிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால் அதன்மேல் பழிபோடுவது நமக்குச் சௌகரியம், அவ்வளவுதான். எத்தனையோ ஊர்களில் பாரதம் பதினெட்டு ராத்திரியிலிருந்து பத்தாகி, மூன்றாகி, ஒன்றாகிவிட்டது. சீரியல் விளக்குக்கும் ஆடல் பாடலுக்கும் தாராளமாகக் கொடுக்கிற கைகள், கூத்துச் செட்டுக்கு மட்டும் பேரம் பேசுகின்றன.

அதற்கும் மேலே ஒரு கத்தி தொங்குகிறது. அதைத்தான் நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விதியை நான் குறை சொல்லவில்லை. நோயாளி தூங்க வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்வரை நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்த்தலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. சரி, 12 மணிக்குக் கூத்தில் என்ன நடக்கும்? முத்துவெள்ளை பூசி முடித்த துரியோதனன் கொட்டகையில் அப்போதுதான் சலங்கை கட்டிக்கொண்டிருப்பான்! பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், மைக் இல்லாமல், அடிவயிற்றிலிருந்து பாடிய கலை இது. 12 மணிக்கு மேல் ஒலிபெருக்கியை அணைத்துவிடுகிறோம், விடியும்வரை கூத்தை மட்டும் விடுங்கள் என்கிறோம். 'கூத்தாடி கிழக்கே பார்ப்பான்' என்றார்கள். இன்று அவன் காவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான்.

சென்னையில் 2007-இல் 'சென்னை சங்கமம்' என்ற கலைவிழா நடத்தி, பூங்காவிலும் கடற்கரையிலும் நாட்டுப்புறக் கலைகளை மேடையேற்றினார்கள். நல்ல காரியம், பாராட்ட வேண்டும். ஆனாலும் அரைமணிக் கூத்தில் விளக்குமாறு எடுக்க எந்த ஆயாவுக்கு நேரம் இருக்கும்?

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். அரசின் கடமை பற்றிய மூன்றாவது செய்தியை அரசுக்கான எங்கள் மனுவிலேயே விரிவாக எழுதியிருக்கிறோம். பந்தல் வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்தோடு உங்கள் ஊர்ப் பெயர், முன்பு எத்தனை ராத்திரி பாரதம் நடந்தது, இப்போது எத்தனை என்பதையும் எழுதுங்கள். பேனா கட்டியிருக்கிறது, யாரும் எடுத்துப் போய்விடாதீர்கள். ஒன்றியக் குழுத் தலைவர் முதல் கையெழுத்துப் போடுவதாக என் காதில் சொன்னார். மேடையில் சொல்லிவிட்டேன், இனி அவர் மாற முடியாது. நன்றி, வணக்கம்.