15 யென் பண்டமும் சென்னை விலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானியத் தின்பண்டங்களைச் சென்னையில் கட்டுப்படியாகும் விலைக்கு வாங்குவது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் ஒரகடம் பக்கம் ஜப்பானிய நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். அங்கே நாள் முழுக்க இயந்திரம், தர ஆய்வு, கூட்டக் குறிப்பு என்று வேறு பேச்சு. ஆனால் எனக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்றதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, அந்தப் 'பாக்கி' சாக்லேட் குச்சி எங்கே கிடைக்கும்? ஏன் இவ்வளவு விலை?" என்பதுதான். கேட்பவர்களில் பாதிப் பேர் யூடியூபில் பார்த்தவர்கள். மீதிப் பேர் அங்கே படித்தோ வேலை பார்த்தோ ஊர் திரும்பி, நாக்கு மட்டும் இன்னும் திரும்பாதவர்கள்.

விலையிலிருந்தே தொடங்குகிறேன். உமாய்போ என்று ஒரு பண்டம். சோளத்தை உப்பவைத்து நீளக் குழலாக்கி, மேலே மசாலாப் பொடி தூவியிருப்பார்கள். சுண்டுவிரலைவிட நீளம், கட்டைவிரலைவிடத் தடிமன், நடுவில் ஒரு துளை. கையில் எடுத்தால் கனமே தெரியாது. 1979-இல் 10 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. எண்ணெய், சோளம், சம்பளம் எல்லாம் ஏறியும் 2022 ஏப்ரல் வரை அதே 10 யென்தான். அந்த ஏப்ரலில் 12 ஆக்கியபோது ஜப்பான் தொலைக்காட்சிகளில் அது பெரிய செய்தி. 2024 அக்டோபரில் 15 ஆனது. ஒரு யென் நம் கணக்கில் 60 காசுக்குச் சற்றுக் குறைவு. ஆக 15 யென் என்பது சுமார் 9 ரூபாய். அதே உமாய்போ ஒன்றுக்குச் சென்னையில் 50, 60 ரூபாய் சொல்கிறார்கள்.

கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உமாய்போவில் பெரும்பகுதி காற்று. கப்பலிலும் விமானத்திலும் எடையைப் போலவே இடத்துக்கும் கூலி உண்டு. அப்புறம் சுங்க வரி, ஜிஎஸ்டி, இறக்குமதியாளரின் உரிமம், ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒட்டும் இறக்குமதி விவர ஸ்டிக்கர், வழியில் நொறுங்கிப்போன சரக்கின் நஷ்டம், கடை வாடகை. இந்தச் செலவில் பாதிக்கு மேல் பண்டம் மலிவு என்பதற்காகக் குறையாது. 300 யென் சாக்லேட்டிலும் அதே ஸ்டிக்கர்தான், 15 யென் குழலிலும் அதே ஸ்டிக்கர்தான். அதனால் அங்கே எது ரொம்ப மலிவோ, அதுதான் இங்கே பல மடங்காகிறது.

உமாய்போ போன்றவற்றுக்கு தகாஷி என்று பெயர். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் தேன்மிட்டாயும் கமர்கட்டும் பாட்டிலில் இருப்பதுபோல, அங்கேயும் பிள்ளைகள் சில்லறைக் காசோடு போகும் சின்னக் கடைகளில் விற்பவை. சிலவற்றின் உறையைப் பிரித்தால் உள்ளே 'பரிசு' என்று அச்சிட்டிருக்கும். அதைக் காட்டினால் இன்னொன்று இலவசம். கையில் இருக்கும் காசுக்கு எத்தனை வரும் என்று கணக்குப் போட்டுப் பொறுக்கும் சந்தோஷம்தான் அதில் பெரிசு. 60 ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கி, வீட்டில் நான்கு பேர் உடைத்துத் தின்றால் அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வரும்? என் அபிப்பிராயம், தகாஷியைச் சென்னையில் தேடாதீர்கள்.

சரி, எதைத் தேடலாம்? பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். முன்பக்கம் முழுக்க ஜப்பானிய எழுத்தாக இருக்கும், மனம் மயங்கும். திருப்பி, எந்த நாட்டில் தயாரானது என்று பாருங்கள். பாக்கியை எடுத்துக்கொள்வோம். எஸாகி கிளிக்கோ நிறுவனம் 1966-இல் கொண்டுவந்த சாக்லேட் குச்சி. பிடித்துக்கொள்ள நுனியில் சாக்லேட் பூசாமல் விட்டிருப்பார்கள், கையில் ஒட்டாது. அந்த நிறுவனம் 1970-லேயே தாய்லாந்தில் கிளை தொடங்கிவிட்டது. நம் கடைகளுக்கு வரும் பாக்கியில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதுதான். உள்ளே சாக்லேட் நிரப்பிய கோவாலா பிஸ்கட்டும் அப்படித்தான், லாட்டே நிறுவனம் 1984-இல் ஜப்பானில் தொடங்கி, பிறகு தாய்லாந்திலும் தயாரித்தது. மெய்ஜி நிறுவனத்தின் ஹலோ பாண்டா பிஸ்கட்டும், குச்சியைத் தொட்டுத் தின்னும் யான் யானும் சிங்கப்பூர்க் கிளையின் சரக்கு. தூரம் குறைவு, தயாரிக்கும் செலவு குறைவு, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு இந்தியா செய்து 2010 முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தத்தால் பல சரக்குகளுக்கு வரியிலும் சலுகை. ஒரே அலமாரியில் ஜப்பான் பாக்கியும் தாய்லாந்து பாக்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விலை வித்தியாசத்தைப் பார்த்ததுமே புரிந்துவிடும்.

ருசியில் வேறுபாடு உண்டா என்றால், உண்டு. ஜப்பான் பாக்கியில் பால் மணம் ஒரு படி தூக்கல் என்று எனக்குப் படும். ஆனால் அந்த ஒரு படிக்காக இரண்டு மடங்கு கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தியாவிலேயே தயாராகும் ஜப்பானியப் பண்டங்களைப் பலர் கவனிப்பதே இல்லை. நிகாட்டாவைச் சேர்ந்த கமேதா செய்கா, அரிசிப் பண்டங்களுக்குப் பேர்போன நிறுவனம். பிறை வடிவத்தில் சின்னச் சின்னதாக, காரமாக, வேர்க்கடலை கலந்து விற்கும் 'காகி நோ தானே' என்ற பண்டம் அவர்களுடையதுதான். அவர்கள் இங்கே ஒரு பாசுமதி அரிசி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, அதே பாணியில் 'கரி கரி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மிளகாய் பூண்டு, மூக்கில் ஏறும் ஜப்பானியக் காரமான வசாபி என்று ருசிகள். இறக்குமதி வரி இல்லாததால் நம்மூர் சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கும் விலை. இன்னொரு செய்தி, அந்தக் கமேதா நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 2022-இல் ஏற்றவர் இந்தியாவில் பிறந்த லேக் ஜுனேஜா. அதேபோல யாகுல்ட் என்ற புளித்த பால் பானம். ஜப்பானில் எந்தக் கடையிலும் பார்க்கும் அந்தக் குட்டிப் பாட்டில் இங்கே ஹரியானாவில் தயாராகி, சென்னைக் கடைகளின் குளிர்பெட்டி வரை வந்துவிடுகிறது.

சென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒரு துணுக்கு. நாம் சின்ன வயதில் தின்ற காபி பைட், பாரீஸ் மிட்டாய் கம்பெனியுடையது. 2004-இல் அதை வாங்கியது கொரியாவின் லாட்டே. ஆனால் லாட்டே பிறந்தது டோக்கியோவில், 1948-இல். கொரியாவிலிருந்து போய் அங்கே குடியேறிய ஷின் கியோக்ஹோ சூயிங்கம் விற்று வளர்த்த நிறுவனம் அது.

இன்னொரு பக்கம், பெயரிலும் அலங்காரத்திலும் ஜப்பானியச் சாயலோடு மால்களில் இருக்கும் மினிசோ ஜப்பானியக் கடை அல்ல, சீன நிறுவனம். அங்கே வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஜப்பான் சரக்கு என்று நினைத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

எங்கே தேடுவது? ஒரு தலைமுறைக்கு முன்பு வெளிநாட்டுச் சாக்லேட் என்றாலே கடற்கரை ரயில் நிலையம் எதிரே பர்மா பஜார்தான். இப்போது சேமியர்ஸ் சாலை அம்மா நானா போன்ற பழைய மளிகைக் கடைகளில் இறக்குமதிச் சரக்குக்கென்றே அலமாரிகள் உண்டு. நட்ஸ் அண்ட் ஸ்பைசஸ் கிளைகளிலும் எட்டிப் பார்க்கலாம். நான் அதிகம் சொல்வது கொரிய மளிகைக் கடைகளை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார்த் தொழிற்சாலை வந்த பிறகு கொரியர்களுக்காக முளைத்தவை. கொரியச் சரக்கோடு ஜப்பானியச் சரக்கும் கொஞ்சம் இருக்கும். அலங்காரம் கிடையாது, விலையில் தெம்பாகப் பேசலாம். நேரில் போகும்போது 'தேதி நெருங்கிய சரக்கு இருக்கிறதா' என்று வாய்விட்டுக் கேளுங்கள். இறக்குமதி உணவு சுங்கத்தை விட்டு வெளியே வரும்போது அதன் ஆயுளில் 60 சதவிகிதமோ, மூன்று மாதமோ, எது குறைவோ, அது மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி. கடைக்கு வந்து இரண்டு மாதம் விற்காமல் கிடந்தால் கடைக்காரருக்கே கவலை வந்துவிடும். பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்.

அப்படி வாங்கும்போது தேதியைப் படிக்கத் தெரிய வேண்டும். ஜப்பானில் ஆண்டு முதலில், பிறகு மாதம், கடைசியில் நாள். 27.03.05 என்று இருந்தால் அது 2027 மார்ச் 5. நம் வழக்கப்படி படித்தால் 2005-ஆம் ஆண்டுச் சரக்கு என்று பதறிவிடுவோம். நெடுநாள் கெடாத பண்டங்களில் நாளே இல்லாமல் ஆண்டும் மாதமும் மட்டும் இருக்கும். நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு கடையில் வெள்ளை ஸ்டிக்கரைச் சரியாக அந்தத் தேதியின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தேன், கீழே இருந்த மாதம் முடிந்து போயிருந்தது. தேதியை மறைக்கும் ஸ்டிக்கர் இருந்தால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிடுங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவ அசைவக் குறி நான்கும் அந்த ஸ்டிக்கரில் இருக்க வேண்டும். சாக்லேட், பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவிகிதமாக 2025 செப்டம்பர் 22-இல் குறைந்தது. அதற்குப் பிறகும் பழைய விலையே போட்டால் கேட்கலாம், தப்பில்லை.

சைவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெல்லி போன்ற 'கம்மி' மிட்டாய், மென்று தின்னும் ஹை-ச்சூ போன்றவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து வருவது. காரப் பண்டங்களில் நாம் எதிர்பாராத இடத்தில் கோழிச்சாறு, மீன்தூள் வரும். உறையில் சோளமும் உருளைக்கிழங்கும் படமாக இருக்கிறதே என்று நம்பிவிட முடியாது. பச்சைப் புள்ளியைத் தேடுங்கள், பழுப்பு முக்கோணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சுற்றுலாப் போனவர் கொண்டுவந்த பாக்கெட்டில் இரண்டுமே இருக்காது. அப்போது கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து பின்பக்கத்தைப் படமெடுத்துப் பாருங்கள். அது சில சமயம் உளறும், ஆனால் பன்றியையும் மீனையும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும்.

அடுத்து சிங்கப்பூர். நம்மில் யாருக்குத்தான் அங்கே ஒரு சித்தப்பாவோ அத்தை மகனோ இல்லை? சிங்கப்பூரில் 2017 முதல் டொன் டொன் டொன்கி என்ற ஜப்பானிய அங்காடி இருக்கிறது. டைசோவும் இருக்கிறது. முஸ்தபாவுக்குப் போகிறவரை அப்படியே அங்கேயும் போகச் சொல்லுங்கள். பட்டியலைத் தெளிவாகக் கொடுங்கள், 'ஏதாவது ஜப்பான் மிட்டாய்' என்றால் கையில் கிடைத்ததை அள்ளிவருவார். நேராக ஜப்பானிலிருந்தே ஒருவர் வருகிறார் என்றால், விமான நிலையத்தில் வாங்க வேண்டாம், டோக்கியோ உவேனோவின் அமெயோகோ சந்தையிலோ, எந்த ஊரிலும் இருக்கும் 100 யென் கடையிலோ வாங்கச் சொல்லுங்கள். தகாஷிக்கு அதுதான் வழி. பெட்டியில் துணிக்கு நடுவே உமாய்போவைச் செருகினால் உடையாமல் வரும், கூலியும் கிடையாது.

தபாலிலோ கூரியரிலோ வரவழைப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். 'பரிசு' என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2019 டிசம்பரோடு அந்தச் சலுகை போயிற்று. பண்டத்தின் விலை, அனுப்பும் கூலி, வரி மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும்.

கொன்பினி எனப்படும் அந்த ஊர்ச் சிறு கடைகளின் புத்தம்புதுப் பண்டங்களைப் பொறுத்தவரை, எந்தக் காசு கொடுத்தாலும் அவை இங்கே வராது. டோக்கியோ தொயோசுவில் 1974-இல் முதல் செவன்-இலெவன் திறந்தார்கள். இன்று எல்லா நிறுவனங்களும் சேர்த்து 50,000-த்துக்கும் மேல் கடைகள். அவற்றின் உயிர் சாக்லேட்டில் இல்லை, ஒரே நாளில் பலமுறை லாரியில் வந்து இறங்கும் சோற்று உருண்டையிலும் முட்டை சாண்ட்விச்சிலும் இருக்கிறது. அந்தச் சோற்று உருண்டையின் உறையைப் பிரிப்பதே ஒரு வித்தை. சோற்றுக்கும் கடற்பாசித் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் இருக்கும். உச்சியிலிருக்கும் நாடாவைக் கீழே இழுத்துப் பின்பக்கம் வரை கிழித்து, பிறகு வலது மூலையையும் இடது மூலையையும் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் இரண்டாகக் கழன்று வரும், தாள் போய்ச் சோற்றில் ஒட்டிக்கொள்ளும். தின்னும் நொடிவரை தாள் நமுத்துப்போகாது. செவன்-இலெவன் 2021-இல் மும்பை வரை வந்தது, ஆனால் அங்கே விற்பது நம்ம ஊர் ருசி.

ஆனால் பிள்ளைகள் கேட்கும் ஒன்றை வீட்டிலேயே செய்துவிடலாம். கார்ட்டூனில் வரும் நீலப் பூனைக்கு உயிரான டோரா கேக். அதன் உள்ளே வைப்பது அசுகி என்ற சிவப்புப் பயறின் பூரணம். இறக்குமதி அசுகி வேண்டியதே இல்லை. சின்னச் சிவப்புக் காராமணி போதும். டோக்கியோ பக்கத்தில் விசேஷ நாள் சிவப்புச் சோற்றுக்கு அசுகிக்குப் பதில் அவர்களே காராமணியைத்தான் போடுகிறார்கள். ஊறவைத்துக் குக்கரில் குழைய வேகவைத்து, மசித்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கிளறுங்கள். சட்டியில் கரண்டியால் கோடு போட்டால் கோடு ஒரு நொடி நிற்க வேண்டும், அதுதான் பதம். மைதா, முட்டை, சர்க்கரை, கொஞ்சம் தேன், துளி சமையல் சோடா கலந்து தோசை மாவைவிடக் கெட்டியாகக் கரைத்து, கால் மணி நேரம் வையுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவித் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும், எண்ணெய் தேங்கினால் அந்தச் சீரான பழுப்பு நிறம் வராது. சின்னத் தீயில் ஊற்றி, மேலே குமிழி வந்ததும் ஒரே தடவை திருப்புங்கள். இரண்டு அடைகளுக்கு நடுவே பூரணத்தை வைத்து, சூடு முழுக்க ஆறுவதற்குள் ஈரத்துணியால் மூடி ஒரு மணி நேரம் விட்டால் ஓரமெல்லாம் மெத்தென்று ஆகிவிடும். பிள்ளைகள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

வணக்கம்.