கூட அப்ரண்டிஸாக இருந்தவரை இத்தனை வருடம் கழித்துக் கூப்பிடலாமா?

வணக்கம். வில்லிவாக்கத்தில் இருந்து ஒரு ஐயா கேட்டிருக்கிறார். 1979ல் ஒரு தொழிற்சாலையில் இவரும் இன்னொருவரும் பிட்டர் அப்ரண்டிஸ், அதாவது இரும்பை ராவிப் பொருத்தும் வேலைக்குப் பயிற்சி ஆட்கள். ஒரே பெஞ்ச், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸும் பக்கத்துப் பக்கத்தில். பயிற்சி முடிந்ததும் இவருக்கு அங்கேயே வேலை கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கிண்டி எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குப் போய்விட்டார், பேச்சும் நின்றுபோனது. இப்போது ஐயா ரிடையர் ஆகி, எப்படியோ நம்பர் பிடித்துப் பேசியிருக்கிறார். அவர் "ம், சரி, ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். "கோபம் இன்னும் போகவில்லையா, மறுபடி கூப்பிடலாமா?" என்பதுதான் கேள்வி.

கூப்பிடுங்கள். ஆனால் அது கோபம்தான் என்று ஏன் முடிவு கட்டினீர்கள்? காதாகவும் இருக்கலாமே. பட்டறையில் கிரைண்டர், பிரஸ் சத்தத்தில் வருடக்கணக்காக நின்றவர்களுக்கு முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற மெல்லிய சத்தங்கள். ஆள் பேசுவது கேட்கும், வார்த்தை பிரியாது. நேரில் என்றால் வாயசைவைப் பார்த்துச் சமாளிப்பார்கள். போனில் அதுவும் கிடையாது. என் மகள் போன் செய்தால் நானே பாதிக்கு "ம்" போட்டுத்தான் ஓட்டுகிறேன். அதனால் போனை இடம், நேரம் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த வேலை விஷயம். பயிற்சி கொடுத்த முதலாளி வேலையும் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தில் இல்லை. ஸ்டைபண்ட் வாங்கினோம், டிரேடு டெஸ்ட் எழுதினோம், சர்டிபிகேட்டோடு கேட்டுக்கு வெளியே வந்தோம் என்பதுதான் நிறையப் பேர் கதை. அவர் இடத்தை நீங்கள் பறிக்கவில்லை. ஆனால் இதை அவரிடம் போய் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். விளக்க ஆரம்பித்தாலே ஏதோ செய்துவிட்ட ஆள் மாதிரி ஆகிவிடும்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். என் கூட அப்ரண்டிஸாக இருந்தவனைத் தேடி அம்பத்தூர் போனேன். ஸ்வீட் பாக்ஸ், நல்ல சட்டை. உட்கார்ந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. பென்ஷன், டி.ஏ. உயர்வு, அரியர் என்று ஆரம்பித்துவிட்டேன். எனக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். அவன் சின்ன கம்பெனிகளில் மாறி மாறி வேலை பார்த்தவன், பி.எஃப். பென்ஷன்தான். அதில் குறைந்தபட்சம் என்று 2014ல் வைத்த தொகை மாதம் 1000 ரூபாய். அவனுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வருகிறது, அவ்வளவுதான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. காபி ஆறிப்போனது. அவன் மனைவிதான் பேச்சை மாற்றினார்.

இரண்டாவது தடவை வெறும் கையோடு போனேன். கதவைத் திறந்ததும் அவன் பழைய டோக்கன் நம்பரைச் சொன்னேன். பேர் மறந்தவனுக்குக்கூட அது மறக்காது, தினமும் கேட்டில் கொடுத்த நம்பர் இல்லையா! அப்புறம் அரம் பிடித்த கதை. முதல் சில மாதம் முழுக்க ஒரே இரும்புத் துண்டை ராவு, ராவு என்று ராவ வைப்பார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரியும், இன்னும் மட்டமாகவில்லை என்று அர்த்தம். மறுபடி ராவு. நாங்கள் எடுத்தது பாஸ்டர்ட் அரம், முரட்டுப் பல். அந்தப் பேரைச் சொல்லும்போதெல்லாம் யாரைத் திட்டுகிறோம் என்று வாத்தியாருக்குச் சந்தேகம். இதைச் சொல்லிச் சிரித்தே ஒன்றரை மணி நேரம் போனது. பென்ஷன் பக்கமே போகவில்லை.

இடம் என்று கேட்டால் அண்ணா நகர் டவர் பார்க் சொல்லுவேன். உங்களுக்கு வில்லிவாக்கத்தில் இருந்து பக்கம். அவர் இன்னும் கிண்டிப் பக்கம்தான் என்றால் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் மாறினால் போதும், அண்ணா நகர் டவர் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். முட்டி வலிக்கு லிஃப்ட் இருக்கிறது. ஹோட்டல் வேண்டாம், பாத்திரச் சத்தத்தில் இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்காது. மற்ற பேட்ச் ஆட்களையும் சேர்த்து வாட்ஸ்அப் குரூப், கெட்-டுகெதர் எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் நீங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் நல்ல காது எந்தப் பக்கம் என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள்.

வரவில்லை என்றால் ஒரு மாதம் விட்டு மறுபடி ஒரு போன், அவ்வளவுதான். சரி, அடுத்த கேள்வி ஆவடியில் இருந்து, லைஃப் சர்டிபிகேட் பற்றி.