மூலநிரல் திறந்திருக்கிறது, மடை யார் கையில்?

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளோடு நெடுங்காலமாகப் பழகி வருகிறேன். மூலநிரலை, அதாவது மென்பொருள் எழுதப்பட்ட வரிகளை, யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் விடுவதே கட்டற்ற மென்பொருள்; திறமூலம் என்றும் சொல்வார்கள். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: “மைக்ரோசாப்ட்டே திறமூலத்தின் பக்கம் வந்துவிட்டதே சார், இன்னும் ஏன் சந்தேகப்படுகிறீர்கள்?”

அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. 2001-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர், கணினியை இயக்கும் திறமூல இயங்குதளமான லினக்ஸைப் புற்றுநோய் என்றே வருணித்தார். 2014-இல் சத்யா நாதெள்ளா தலைமைக்கு வந்த பின், அதே நிறுவனம் லினக்ஸை நேசிப்பதாக மேடையில் அறிவித்தது. 2016-இல் லினக்ஸ் அறக்கட்டளையில் உறுப்பினராயிற்று. 2018-இல், உலகத்து நிரலாளர்கள் தங்கள் மூலநிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தை 750 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இவை வெறும் விளம்பரம் அல்ல. அந்நிறுவனப் பொறியாளர்கள் லினக்ஸுக்கு எழுதித் தரும் நிரல் நல்ல நிரல்தான். ஆனால், இணையம் வழியே மைக்ரோசாப்ட் வாடகைக்கு விடும் கணினிகளில் லினக்ஸ் ஓடினாலும் அந்நிறுவனத்துக்கு வருமானம் வருகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வருமானத்துக்காக வந்த நட்பு, வருமானம் இடம் மாறும் நாளில் என்ன செய்யும் என்பதே என் கேள்வி.

அதற்கு ஒரு முன்னோட்டத்தை 2021 அக்டோபரில் பார்த்தோம். இந்த நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். டாட்நெட் என்பது அந்நிறுவனம் திறமூலமாக வெளியிட்ட நிரலாக்கத் தளம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலேயே திருத்தி, விளைவை உடனுக்குடன் பார்க்கும் வசதி ஒன்று அதில் சேர்க்கப்பட்டிருந்தது. வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பில் நிரலாளர்கள் அதைப் பயன்படுத்தவும் தொடங்கிவிட்டார்கள். இறுதி வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், அந்த வசதி இனி விஷுவல் ஸ்டுடியோ என்னும் தன் சொந்த மென்பொருளில்தான் கிடைக்கும் என்று நிறுவனம் அறிவித்து, மூலநிரலை எல்லோரும் பார்க்க வைத்திருக்கும் திறந்த களஞ்சியத்திலிருந்து அதற்கான நிரலை நீக்கியது. வெளியிலிருந்த நிரலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே நிரல் திரும்ப வந்தது. திரும்ப வந்துவிட்டதே, பிறகென்ன என்று சிலர் கேட்கக்கூடும். எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்ற முடிவு யாரிடம் இருந்தது என்பதை அந்தச் சில நாட்கள் நமக்குத் தெளிவாகக் காட்டின. நான் வலியுறுத்துவது அதைத்தான்.

நம் மாணவர்களில் பலர் அன்றாடம் நிரல் எழுதும் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற மென்பொருளையும் இந்தக் கண்கொண்டு பாருங்கள். அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால், நாம் தரவிறக்கி நிறுவும் பொதிக்கு நிறுவனத்தின் தனி உரிமம் இருக்கிறது. அந்த மூலநிரலிலிருந்து விஎஸ்கோடியம் என்ற பெயரில் தன்னார்வலர்கள் உருவாக்கித் தரும் பதிப்பை ஒரு மாணவர் நிறுவினால், கூடுதல் வசதிகளைத் தரும் துணை நிரல்களான நீட்சிகள் கிடைக்கும் நிறுவனத்தின் நீட்சிக் கடையை அவர் பயன்படுத்த அதன் விதிகள் இடம் தருவதில்லை. பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதுவோருக்குக் கைகொடுக்கும் பைலான்ஸ் போன்ற நீட்சிகள் திறமூலமும் அல்ல. நம் தாமிரபரணியில் தண்ணீர் எல்லோருக்கும் பொதுவாக ஓடுகிறது. கால்வாயின் தலைமடைச் சாவி ஒருவர் கையில் இருந்தால், கடைமடை விவசாயிக்கு அந்தப் பொதுமையால் என்ன பயன்? மூலநிரல் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், நீட்சிக் கடை யாருடையது, பெயர் யாருடையது, எந்தத் திருத்தத்தை ஏற்பது என்று முடிவெடுப்பவர் யார் என்றும் கேட்கச் சொல்கிறேன்.

பள்ளிகளைப் பற்றியும் அரசு அலுவலகக் கோப்புகளைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் கிட்ஹப்பைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அத்தளத்துக்கு அடிப்படையான கிட் என்னும் கருவி, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கியது. களஞ்சியத்தின் முழு வரலாற்றையும் நம் கணினியிலேயே பிரதியெடுத்து வைத்துக்கொள்ள அது வழி செய்கிறது. ஆனால் பிழை அறிக்கைகளும் விவாதங்களும் அந்தப் பிரதியில் வருவதில்லை. எனவே கல்லூரித் துறைத் தலைவர்கள், மாணவர்களின் செயல்திட்டங்களைக் கல்லூரியின் சொந்த வழங்கியிலும் (சர்வர்) ஒரு பிரதி வைத்து, விவாதங்களையும் அவ்வப்போது தனியே சேமிக்க ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.